இலையில் உப்பு

"நாக்குல வச்சுப் பாருங்க தம்பி" என்று படகுக்கார அண்ணன் அலையாத்தி இலை ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தார்.

சுள்ளென்று கரித்தது.

இலை மேல் பொடிப்பொடியாய் உப்பு. வேர் வழியே ஏறிவரும் உப்பை இந்த மரம் இலை வழியாகவே வெளியே தள்ளிவிடுகிறது. கீழே சேற்றில், குச்சி நட்டதுபோல் மூச்சுவேர்கள்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. பாமணியாறும் கோரையாறும் கடலைத் தொடும் இடம். 2018 கஜா புயல் சாய்த்தது போக மிச்சம் நிற்கும் மரங்கள்தான் இன்றும் வண்டலைப் பிடித்து வைக்கின்றன. அத்தனை வண்டலும் அப்படியே கடலுக்குப் போனால் பாக் விரிகுடாவின் கடற்புல்லுக்கும் பவளத்துக்கும் வெளிச்சம் ஏது? அந்தப் புல்லை மேயும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்காக 2022-இல் காப்பகமே அறிவித்தார்கள்.

மழைக்காடு, பவளப்பாறை டைவிங் என்று முதுகுப்பையோடு அந்தமான் கிளம்பும் டெல்டா நண்பர்களே, சரி, போய் வாருங்கள். அதற்கு முன் ஒருநாள் இங்கே வாருங்கள். வனத்துறை அனுமதி வாங்கிவிட்டு, வெயில் ஏறுமுன் படகு ஏறுங்கள்.