ஜூ லேப் டைரி: ஆமை, மான், அப்புறம் பாகன்

நவம்பர் 4
மழ விடவே மாட்டேங்குது. மான் கொட்டகை பக்கம் முழங்கால் தண்ணி, பொந்துல இருந்த எலியெல்லாம் தீவன குடோனுக்கு குடி வந்தாச்சு. எலி மூத்திரம் கலந்த தண்ணி கால் வெடிப்புல பட்டா போதும், லெப்டோங்கற எலிக்காய்ச்சல் வந்துரும், மானுக்கும் வரும் கீப்பருக்கும் வரும். ஆனா நம்மாளுங்க கம்பூட்ஸ கழட்டி வச்சிட்டு வெறுங்கால்ல இறங்குறாங்க, கேட்டா "வழுக்குது சார்". லெப்டோ இருக்கான்னு பாக்கற எம்ஏடி டெஸ்ட்டுக்கு மான் ரத்தம் போயிருக்கு.

நவம்பர் 7
நட்சத்திர ஆமையோட கழிவு போட்ட எக்ஸ்எல்டி பிளேட்ட (குடல் கிருமி வளத்து பாக்கற தட்டு) எடுத்து பாத்தா, ஜெல்லி மாதிரி இருக்கற செவப்பு அகார் மேல நடுவுல மை வச்ச மாதிரி கருப்பு காலனிங்க, அதாவது கிருமி கூட்டம். மனுஷனுக்கு வயித்துப்போக்கு வரவைக்கற சால்மொனெல்லாவா தான் இருக்கும், கன்ஃபர்ம் பண்ண அனுப்பணும். ஆபீஸ்ல கேட்ட மொத கேள்வி, மருந்து குடுத்தாச்சா? ஆமை நல்லாதாங்க இருக்கு, ஊர்வன குடல்ல இது சகஜமா இருக்கற கிருமி, ஆன்டிபயாடிக் குடுத்தா கிருமி போகாது, மருந்துக்கு அடங்காத ரெசிஸ்டன்ஸ் தான் ஏறும். 1996ல அமெரிக்காவுல டென்வர் ஜூவுக்கு கொமோடோ டிராகன்ங்கற ராட்சச பல்லிய பாக்க போனவங்களுக்கு இதே சால்மொனெல்லா வந்துச்சு, டிராகன யாரும் தொடல, சுத்தி இருந்த மரத்தடுப்புல கை வச்சதுக்கே அது, கை கழுவுனவங்க பெரும்பாலும் தப்பிச்சாங்க. அதனால நான் எழுதி குடுத்தது ஆமை கூண்டு பக்கத்துல ஒரு குழாய், சோப்பு. குழாய் போட்டுடலாமாம், சோப்புக்கு பட்ஜெட் இல்லையாம்!

நவம்பர் 12
யானைக்கு டிபி செக். தண்ணி குடிக்கறதுக்கு முன்னாடியே போயாச்சு. சிரிஞ்ச்ல சலைன் எடுத்து தும்பிக்கை ஓட்டைல விட்டு, பாகன் அண்ணன் சொல்ற வரைக்கும் அவ தும்பிக்கைய தூக்கியே வச்சிருக்கணும், அப்புறம் இறக்கி பிளாஸ்டிக் கவருக்குள்ள ஊதணும். ஊதுனா, ஆனா பாதி என் சட்டைல. வேற வேற நாள்ல மூணு சாம்பிள் வேணும், ஏன்னா கிருமி தினமும் வெளிய வராது, கிருமிய வளத்து பாக்கற கல்ச்சருக்கு எட்டு வாரம் கூட ஆகும்.

அண்ணன்கிட்ட நீங்களும் எக்ஸ்ரே எடுக்கணும்னதும் மூஞ்சி மாறிடுச்சு. "எனக்கு என்ன சீக்கா?" யானைக்கு வர்ற டிபி பெரும்பாலும் மனுஷனோட டிபி தாண்ணே, உங்ககிட்ட இருந்து அவளுக்கும் போகலாம், அவகிட்ட இருந்து உங்களுக்கும் வரலாம்னேன். அவளுக்கு வரும்னதும் தான் சரின்னார்.

நவம்பர் 15
அண்ணனோட எக்ஸ்ரே கிளீன், கவரோட எடுத்துட்டு வந்து கேன்டீன்ல எல்லாருக்கும் காட்டிட்டு இருக்கார். மத்த கீப்பருங்க பேரையும் லிஸ்ட்ல சேத்துட்டேன். மான் ரிசல்ட் இன்னும் வரல, நாளைக்கு ரெண்டாவது தும்பிக்கை சாம்பிள், பழைய சட்டை தான் போட்டுட்டு போகணும்.