வியாழக்கிழமை மத்தியானமும் ஒரு தொப்பியும்

அமெரிக்க மாநிலமான மினசோட்டாவில் குடியேறிய ஸ்வீடன்காரர்களைப் பற்றி இங்கே எல்லாரும் சொல்லும் கதை ஒன்றுதான். 160 ஏக்கர் நிலம், ஒரு கோடாலி, மரக்குடிசை, தாடி வைத்த விவசாயி. 1862-ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி ஐந்து வருடம் தங்கிப் பயிர் வைத்தால் நிலம் சொந்தம். கதை பொய்யில்லை. ஆனால் 1890-களில் தனியாகக் கப்பலேறிய இளம்பெண்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது வயலுக்கல்ல, அடுத்தவர் வீட்டுச் சமையலறைக்கு. மினசோட்டாவின் தலைநகரான செயின்ட் பாலில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவின் பாட்டி அப்படி வந்தவர். அந்த அம்மாவுக்கே எண்பது தாண்டிவிட்டது. பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார், எனக்கும் பாதியில் எழுந்துபோக மனம் வராது.

பாட்டியின் ஊர் தெற்கு ஸ்வீடனின் ஸ்மோலாண்ட். ஏர் பூட்டினால் மண்ணைவிடக் கல்தான் அதிகம் கிளம்புமாம். அப்படிப் பொறுக்கிய கல்லில் வயலைச் சுற்றி எழுப்பிய சுவர்கள் இன்றும் நிற்கின்றன. 1867 முதல் 1869 வரை பஞ்சம் வாட்டியபோது பெருகிய வெளியேற்றம், பஞ்சம் தீர்ந்தும் ஓயவில்லை. 1850-க்கும் 1930-க்கும் இடையே 12 லட்சம் பேருக்கு மேல் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். 1900-இல் ஸ்வீடனின் மக்கள்தொகையே சுமார் 51 லட்சம்தான்.

பதினைந்து வயதில் பாட்டி ஒரு பண்ணை வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே வேலைக்காரர்களுக்கென்றே ஒரு சட்டம் இருந்தது, 1926 வரைக்கும். ஒப்புக்கொண்டால் வருடம் முழுக்க விட்டுப்போக முடியாது. அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் ஓய்வு. வேறு வீடு மாறுவதென்றால் அப்போதுதான். மாட்டுக்கொட்டில், துவைப்பு, சமையல், அறுவடை எல்லாம் அவர் தலையில். கூலியில் கொஞ்சம் காசு, மீதிக்குத் துணியும் செருப்பும்.

1893-இல் செயின்ட் பாலில் இருந்த அக்கா கப்பல் டிக்கெட் வாங்கி அனுப்பினாள். கோதன்பர்க்கிலிருந்து இங்கிலாந்தின் ஹல் துறைமுகம், அங்கிருந்து ரயிலில் லிவர்பூல், பெரிய கப்பலில் நியூயார்க், எல்லிஸ் தீவில் குடியேறிகளுக்கான பரிசோதனை, மறுபடி ரயில். பயணத்தைப் பற்றி அவர் பிற்காலத்தில் அதிகம் பேசியதில்லையாம். பேசியதெல்லாம் வேலை பார்த்த வீட்டைப் பற்றித்தான்.

செயின்ட் பாலின் சம்மிட் அவென்யூவில் ஒரு மாளிகை. மாடும் இல்லை, வயலும் இல்லை. வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கி இரவு வரை நீளும், முதுகு ஒடியும். ஆனால் சம்பளம் வாரக் கணக்கு. சாப்பாடும் படுக்கையும் போக வாரம் 3 முதல் 5 டாலர் என்பது அன்றைய நடப்பு. பிடிக்காவிட்டால் வாரக் கடைசியில் பெட்டியைக் கட்டலாம். ஆங்கிலம் அந்தச் சமையலறையில் வந்ததுதான். ஸ்வீடிஷும் ஆங்கிலமுமாக அச்சான சமையல் புத்தகங்கள் சிகாகோவில் விற்றன. பாட்டிக்கு முதலில் எழுத்துக்கூட்டத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் எல்லாம் தின்பண்டங்கள்தானாம்.

அப்புறம் வியாழக்கிழமை. அன்று மத்தியானம் வேலைக்காரப் பெண்களுக்கு விடுமுறை. ஒன்று விட்டு ஒரு ஞாயிறும் உண்டு. கையில் சொந்தக் காசு, கூடவே ஊர்க்காரத் தோழிகள். அந்த அம்மா ஒரு புகைப்படம் வைத்திருக்கிறார். ஸ்டூடியோவில் எடுத்தது. உப்பிய கைகள் வைத்த கறுப்பு உடை, நாற்காலி முதுகில் ஒரு கை, தலையில் இறகு செருகிய பெரிய தொப்பி. முகத்தில் சிரிப்பே இல்லை, தொப்பிதான் எல்லாம் பேசுகிறது. ஏனென்றால் ஊரில் தொப்பி கனவான் வீட்டுப் பெண்களுக்கு. வேலைக்காரி முக்காடுதான் கட்டவேண்டும், மீறினால் கேலி. படம் ஸ்மோலாண்டுக்குப் போனபோது, ஊரார் திமிர் என்பார்களே என்று தாய் அதை வெளியே காட்டவே இல்லையாம். தங்கை மட்டும் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறாள். இரண்டே வருடத்தில் தங்கையும் செயின்ட் பாலில் வந்து இறங்கினாள், தொப்பிக்காரி வாங்கிய டிக்கெட்டில்.

பணம் சேர்த்துக்கொண்டு ஸ்வீடன் திரும்பியவர்கள் உண்டு. ஆண்கள் திரும்பிய அளவுக்குப் பெண்கள் திரும்பவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வியாழக்கிழமையை விட்டுவிட்டு யார் போவார்கள்?

கல்யாணத்துக்குப் பிறகு மாளிகை போய், ஸ்வீடு ஹாலோ, அதாவது ஸ்வீடன்காரர் பள்ளம், வந்தது. ஃபேலன் ஓடைப் பள்ளத்தில் குடிசைகள், குழாயும் கிடையாது சாக்கடையும் கிடையாது. கணவருக்கு ரயில்வேயில் வேலை. நாலு காசு சேர்ந்ததும் மேலே பெய்ன் அவென்யூ பக்கம் ஏறிவிட்டார்கள். அவர்கள் விட்ட குடிசைகளில் இத்தாலியர்கள், பிறகு மெக்சிகோக்காரர்கள். 1956-இல் நகராட்சி மிச்சத்தைக் கொளுத்தியது.

பெயர் கதை தனி. அப்பா ஆண்டர்ஸ் என்பதால் இவர் ஆண்டர்ஸ்டாட்டர், அதாவது ஆண்டர்ஸ் மகள். இங்கே அது ஆண்டர்சன் ஆகிவிட்டது, மகளாகப் பிறந்தவர் மகனாகிவிட்டார். அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கிக்கொண்டு அதே பெயரால் இங்கே கூப்பிடப்படும் எனக்கு, இதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது.

மொழி மெல்லப் போனது. பக்கத்து மாநிலமான அயோவாவில் 1918-இல் ஆளுநர், பள்ளியிலும் பொது இடத்திலும் தொலைபேசியிலும் ஆங்கிலம்தான் பேசவேண்டும் என்று உத்தரவே போட்டார். 1920-களில் ஸ்வீடிஷ் தேவாலயங்கள் ஒவ்வொன்றாக ஆங்கிலத்துக்கு மாறின. பேத்திக்கு மிஞ்சியது சாப்பாட்டுக்கு முந்திய ஜெபம் மட்டும். அதை ஒரு குறையாகச் சொல்வது பேத்திதான், பாட்டி அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. கிறிஸ்துமஸ் விடியற்காலை ஆராதனையை மட்டும் அவர் விட்டதே இல்லை. டிசம்பர் 13-இல் சிறுமிகள் மெழுகுவத்திக் கிரீடம் வைத்து நடக்கும் லூசியா விழாவைப் பார்த்து, "எங்கள் ஊரில் இப்படி ஒன்று கிடையாதே" என்றாராம். உண்மைதான். மேற்கு மாவட்டங்களில் வசதியான வீடுகளில் இருந்த வழக்கம் அது. 1927-இல் ஸ்டாக்ஹோம் பத்திரிகை ஒன்று ஊர்வலம் நடத்திய பிறகே நாடெங்கும் பரவியது. அதற்கு வெகு முன்பே பாட்டி கப்பலேறிவிட்டார்.

சில வருடங்களுக்கு முன் அந்த அம்மா ஸ்மோலாண்ட் போய்வந்தார். வெக்ஷோ நகரில் குடிபெயர்ந்தோர் ஆவணங்களுக்கென்றே ஒரு காப்பகம் இருக்கிறது. பாதிரியார்கள் வீடுவீடாகப் போய் எழுதிய பழைய பதிவேட்டில் பாட்டியின் பெயர், வட அமெரிக்காவுக்குப் போன வருடம், கூடவே வாசிப்புக்கும் மறைக்கல்விக்கும் போட்ட மதிப்பெண். வாசிப்பு நன்று, மறைக்கல்வி சுமார்.

உறவினர் வீட்டில் இவர் பெருமையாக முட்டைக் காபி போட முனைந்தார். காபித்தூளில் ஒரு முட்டையை ஓட்டோடு நொறுக்கிப் பிசைந்து, கொதிக்கும் தண்ணீரில் இட்டு, கடைசியில் ஒரு குவளை பச்சைத்தண்ணீர் ஊற்றுவார்கள். தூள் திரண்டு அடியில் உட்கார்ந்துவிடும். மேலே தேநீர் நிறத்தில் கசப்பில்லாத காபி. மினசோட்டா மாநிலக் கண்காட்சியில் ஒரு லூத்தரன் தேவாலயத்தின் கடையில் ஸ்வீடிஷ் காபி என்றே விற்கிறார்கள். ஸ்மோலாண்ட் உறவினர்கள் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லையாம். முட்டையைத் தனியாக வேகவைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.