வீட்டு சர்வருக்கு எந்த டன்னல்? நான் வயர்கார்டுக்கு வந்த வழி

வீட்டில் டெபியன் (லினக்ஸ் வகை இயங்குதளம்) ஓடும் பழைய கணினி ஒன்றில்தான் குடும்பப் படங்கள் எல்லாம் இருக்கின்றன. வெளியூரில் இருந்தாலும் அவற்றைப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக் கணினிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை ரௌட்டரில் போடலாம் என்று பார்த்தால், அதற்குக் கிடைத்திருந்த ஐபி 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை சிஜிநாட்டுக்கென்றே ஒதுக்கியவை. அதாவது, நெட் நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் ஏற்பாடு. வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது, வீட்டுக் கணினிதான் வெளியே போய் இணைப்பைத் திறந்து வைக்க வேண்டும். பொது ஐபி உள்ள சின்ன விபிஎஸ் (இணையத்தில் இருக்கும் வாடகை சர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். வீட்டுக் கணினியை அதோடு இணைக்கும் டன்னலுக்கு (இணையத்தின் ஊடே போகும் தனிப்பாதை) எதை ஓட்டுவது?

புதிதாக எதையும் நிறுவ வேண்டாம் என்பதால் முதலில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் கருவி) தரும் ரிவர்ஸ் டன்னல்: வீட்டுக் கணினி விபிஎஸ்ஸுக்குள் நுழைந்து, அங்குள்ள ஒரு போர்ட்டை (நுழைவாசலை) வீட்டுக்குத் திருப்பிவிடும். அவசரத்துக்கு இதுதான் கைகொடுக்கும். ஆனால் வீட்டு நெட் திடீரென்று அறுந்தால், விபிஎஸ்ஸில் பழைய செஷன் அந்தப் போர்ட்டை விடாமல் பிடித்திருக்கும். வீட்டுக் கணினி மறுபடி லாகின் ஆகும், போர்ட் மட்டும் கிடைக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை வரி வரும். அப்புறம் எஸ்எஸ்ஹெச் ஓடிக்கொண்டே இருக்கும், டன்னல் இருக்காது. போர்ட் கிடைக்காவிட்டால் எஸ்எஸ்ஹெச்சையே நிறுத்தும் ‘எக்ஸிட் ஆன் ஃபார்வர்ட் ஃபெய்லியர்’ செட்டிங்கைப் போட்டு, நின்றதை மறுபடி தொடங்கும் ஆட்டோஎஸ்எஸ்ஹெச்சைத் துணைக்கு வைத்து, அறுந்த செஷனைக் கண்டுபிடித்து மூட சர்வர் பக்கம் ‘கிளையன்ட் அலைவ் இன்டர்வல்’ கொடுத்தால் நிலைக்கிறது.

அடுத்தது எஃப்ஆர்பி, இந்த வேலைக்கென்றே உள்ள மென்பொருள். கோ மொழியில் எழுதியது, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பைனரி (ஓட்டத் தயாரான ஃபைல்) போதும். ஒரு தளத்தை ஊருக்கே திறந்துவிட வேண்டியவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். எனக்கு வேண்டியது நேர்மாறானது: வீட்டார் ஃபோன்களைத் தவிர யாருக்கும் அந்த போர்ட் தெரியவே கூடாது. எஃப்ஆர்பியில் ரகசிய டன்னலும் உண்டு, ஆனால் பார்க்கிறவர் பக்கமும் எஃப்ஆர்பி ஓட வேண்டும். அம்மாவின் ஃபோனில் அது ஆகிற காரியமில்லை.

வயர்கார்டு என்ற விபிஎன் (சாதனங்களை ஒரே தனி நெட்வொர்க்காக இணைப்பது) அங்கேதான் ஜெயித்தது. 2020-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.6-இலேயே சேர்ந்துவிட்டதால் டெபியன் அப்டேட்டோடு அதுவும் அப்டேட் ஆகிவிடும். எனக்கு இது பெரிய நிம்மதி. சரியான சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது. வீட்டுப் பக்கம் ‘பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்’ 25 நொடி (அத்தனை நொடிக்கு ஒரு சின்ன பாக்கெட்) கொடுத்தேன், இல்லையென்றால் சிஜிநாட் வழியை மூடிவிடும். ஃபோனின் பாக்கெட்டுகளை வீட்டுக்குக் கடத்த விபிஎஸ்ஸில் ஐபி ஃபார்வர்டிங்கை இயக்கினேன். ஃபோனின் வயர்கார்டு ஆப்பில் ‘அலௌட் ஐபி’ என்ற இடத்தில் டன்னலின் முகவரிகளை மட்டும் எழுதினேன். மற்ற நெட் வழக்கம்போல நேராகப் போகும்.

ஒரு சிக்கல் வந்தது. மொபைல் டேட்டாவில் ஆல்பம் பக்கம் திறக்கும், பெரிய படங்கள் பாதியில் நிற்கும். வயர்கார்டின் வழக்கமான எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1420 பைட். நடுவில் எங்கோ அந்த அளவு பாக்கெட் நுழையவில்லை. 1280 ஆக்கியதும் படங்கள் முழுசாக வந்தன.

வயர்கார்டு பயன்படுத்தும் யூடிபி என்ற அனுப்பும் முறையை அடைத்திருக்கும் வைஃபையில் அது வேலை செய்யாது. ஓபன்விபிஎன் என்ற இன்னொரு விபிஎன், டிசிபி என்ற வேறு முறையிலும் ஓடும் என்றாலும் அதன் சான்றிதழ்களைப் பராமரிக்க எனக்குப் பொறுமை இல்லை. விபிஎஸ்ஸின் எஸ்எஸ்ஹெச்சை, பாதுகாப்பான வலைத்தளங்களுக்கான 443-ஆம் போர்ட்டிலும் கேட்க வைத்திருக்கிறேன்; அப்படிப்பட்ட இடங்களில் முதலில் அங்கே நுழைந்து, அங்கிருந்து டன்னல் வழியாக வீட்டுக் கணினிக்குப் போய்விடுவேன்.