மஞ்சள் கரிசலாங்கண்ணியை அடையாளம் கண்ட கதை

எங்கள் பக்கத்தில் மூன்று நான்கு செடிகளைக் கரிசலாங்கண்ணி என்று காட்டுகிறார்கள். கீரையாகக் கடைந்து உண்கிறோம், காமாலைக்குச் சாறு பிழிந்து குடிக்கிறார்கள், தலைக்குத் தைலம் காய்ச்சுகிறோம். உள்ளே போகிற பொருள் என்பதால் எது எது என்று உறுதியாகத் தெரிந்தாக வேண்டும். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லி ஒரு நர்சரியில் கொடுத்த தொட்டிச் செடியின் இலை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மாமியாரோ அதைக் கிள்ளிச் சமைக்கத் தயாராகிவிட்டார். "கொஞ்சம் பொறுங்கள் அத்தை, பார்த்துச் சொல்கிறேன்" என்று தடுத்துவிட்டுத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

முதலில் வெள்ளையை எடுத்துக்கொண்டேன். வாய்க்கால் ஓரம், வயல் வரப்பு என்று ஈரம் கண்ட இடத்தில் முளைப்பது வெள்ளைக் கரிசலாங்கண்ணி. தாவரவியலில் எக்லிப்டா புரோஸ்ட்ராட்டா. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து நம் சாலையோரங்களை நிறைத்திருக்கும் வெட்டுக்காயப் பூண்டு, டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ். வரப்பு மேட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதும் உண்டு. நின்ற வாக்கில் பார்த்தால் இரண்டும் வெள்ளைப் பூதான்.

குனிந்து கைலென்ஸை வைத்தால் கதை மாறுகிறது. வெட்டுக்காயப் பூண்டின் பூ ஒற்றையாக, ஏறக்குறைய ஒரு சாண் நீளமுள்ள ரோமக் காம்பின் உச்சியில் நிற்கும். விளிம்பில் ஐந்தாறு அகன்ற இதழ்கள்தான், ஒவ்வொன்றின் நுனியும் மூன்று பல்லாகப் பிளந்திருக்கும், நடுவட்டம் மஞ்சள். கரிசலாங்கண்ணிக்குக் காம்பு குட்டை, பூ சட்டைப் பொத்தானைவிடச் சிறியது, விளிம்பில் நூல் போன்ற வெள்ளை இழைகள் நெருங்கி நிற்கும், நடுவிலும் மஞ்சள் கிடையாது. இலைக்குக் காம்பே இல்லை என்று சொல்லலாம். தண்டின் இரு புறமும் எதிரெதிராக ஒட்டிக்கொண்டிருக்கும். பூ முதிர்ந்த பிறகு சந்தேகமே வராது. வெட்டுக்காயப் பூண்டின் விதைகள் இறகு முளைத்துக் காற்றில் பறக்கும். கரிசலாங்கண்ணியின் விதைக்கு இறகு இல்லை, பச்சைத் தட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். கீரை விற்கும் அம்மாவுக்கோ இந்த லென்ஸ் எல்லாம் தேவைப்படவில்லை. தண்டை ஒடித்துக் கசக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னார். பச்சைச் சாறு விரலில் கறுத்தது. இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

மஞ்சளில்தான் உண்மையான சிக்கல். சூரியகாந்திக் குடும்பத்தில் 25,000க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. நாம் ஒரு பூ என்று பறிப்பது பல சிறுமலர்கள் கூடிய ஒரு தலை. இதழ் என்று நினைப்பதே ஒரு தனிச் சிறுமலர். மஞ்சள் விளிம்பும் மஞ்சள் வட்டமும் கொண்ட தலைகள் இந்தக் குடும்பத்தில் ஏராளம். அதனால் நிறத்தை நம்பி அடையாளம் சொல்வது வீண் என்பதுதான் நான் பிடித்துக்கொண்ட பாடம். இலைக்குப் போனேன்.

மஞ்சள் கரிசலாங்கண்ணி, ஸ்பாக்னெட்டிகோலா கலெண்டுலேசியா. இலை ஒடுங்கி நீண்டது. இரு பக்கமும் தடவினால் சொரசொரக்கும். விளிம்பு முழுமையாக இருக்கும், அல்லது அங்கங்கே சிறு பல் தெரியும். அதன் உறவுக்காரச் செடி ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. அதன் இலை தடித்துப் பளபளக்கும், நுனிக்குக் கீழே இரு பக்கமும் ஒவ்வொரு மடல் பிதுங்கி மூன்று மடலாகத் தெரியும், பற்கள் பெரியவை. என் தொட்டியில் இருந்தது இதுதான். அலங்காரத்துக்குத் தரைமூடியாக நட்டுப் பல நாடுகளில் கைமீறிப் போனது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகள் பட்டியலில் இதன் பெயரும் இருக்கிறது. தரை தொட்ட ஒவ்வொரு கணுவும் வேர் விடுவதால் குப்பை மேட்டில் வீசவில்லை. வெயிலில் சருகாகும்வரை உலர்த்திவிட்டேன்.

பழைய நூல்களில் தேடுபவர்கள் வெடேலியா என்ற பேரினத்தில் பார்க்க வேண்டும். 1996இல்தான் இந்த இரண்டும் ஸ்பாக்னெட்டிகோலாவுக்கு மாறின. இது தெரியாவிட்டால் இரண்டு பெயருக்கு இரண்டு செடி இருப்பதாகத் தோன்றும்.

திருச்சி புனித வளனார் கல்லூரியில் இருக்கும் ராபினாட் ஹெர்பேரியம் போன்ற இடங்களில் தாளில் ஒட்டிய உலர்ந்த செடிகளைப் பார்ப்பது மிகவும் உதவும். காய்ந்த பூவில் நிறம் மங்கிப் பழுப்பாகிவிடுகிறது. கண்ணுக்கு மிஞ்சுவது இலை விளிம்பு, ரோமம், காம்பின் நீளம், விதை. களத்திலும் அந்த வரிசையில்தான் இப்போது பார்க்கிறேன்.

மஞ்சள் கரிசலாங்கண்ணி கடைசியில் ஒரு பாசன வாய்க்காலின் உள்சரிவில் கிடைத்தது. ஒற்றை இலையை வைத்து முடிவு செய்யவில்லை. நிழலிலும் இளம் தண்டிலும் டிரைலோபேட்டாவின் மடல் சரியாகத் தெரியாமல் போகலாம் என்பதால் கொடியின் அடி, நடு, நுனி என்று இலைகளைப் புரட்டினேன். எதிலும் மடல் இல்லை, எல்லாம் சொரசொரத்தன. சாக்கடை கலக்காத நீர்தானா என்று மேல்முகம் வரை நடந்து பார்த்துவிட்டு, வேர் விட்ட கணுவோடு இரண்டு துண்டு மட்டும் எடுத்துக்கொண்டேன்.