நாலாம் எண் காற்றாலையும் ஒரு வேண்டாமும்

“அண்ணா, மூன்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் நாலு பிழைக்குமே?” எங்கள் காற்றாலைப் பண்ணைக்கு, தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் (இப்போது கெபெர்ஹா) மலபார் பகுதியிலிருந்து வேலைக்கு வரும் தம்பி, மூன்றாம், நாலாம் எண் காற்றாலைகளைப் பற்றிக் கேட்டது இவ்வளவுதான். வேண்டாம் என்றேன். அந்த வேண்டாம் இன்னும் உறுத்துகிறது.

மேற்கு-தென்மேற்குக் காற்றில் நாலு, மூன்றின் நேர் பின்னால் நிற்கிறது. வழக்கமாக வீசும் திசையில் சுழல்வட்ட விட்டத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு இடைவெளி விடுவார்கள். இங்கே நாலு மடங்குகூட இல்லை. திசை சற்று விலகினால் இன்னும் மோசம்: நாலின் வட்டத்தில் பாதி, மூன்று குழப்பிவிட்ட காற்றில், பாதி நல்ல காற்றில். ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை ஒரு முறை தளர்ந்து ஒரு முறை வளையும்.

தம்பி காட்டியது ஸ்காடாவின், அதாவது காற்றாலைகளைக் கண்காணிக்கும் கணினி அமைப்பின், பத்து நிமிடப் பதிவு. காற்று எவ்வளவு குழம்பியிருக்கிறது என்று பார்க்க, அதன் வேகத்தின் திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்தால் 0.2க்கு மேல். காற்றாலை வடிவமைப்புக்கான ஐஇசி 61400-1 என்ற சர்வதேசத் தரத்தில் ஏ வகுப்புக்கு, நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில், 0.16தான். ஆனால் நாசெல் (கோபுர உச்சியில் இருக்கும் இயந்திரப் பெட்டி) மேலிருக்கும் அனிமோமீட்டர், அதாவது காற்று வேக அளவி, இறக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது. இறக்கையே கலக்கிவிட்ட காற்றைத்தான் அது அளக்கிறது. அதை நம்பி உற்பத்தியைக் குறைக்க முடியாது என்றேன். அது சரிதான். ஆனால் அளவி நம்பத்தகாதது என்றால், தம்பி சொன்னது தவறு என்றும் ஆகிவிடாதே.

கணக்கு அவன் பக்கம்தான். சுமை ஏறி இறங்கும் வீச்சு 20 சதவீதம் கூடினால், சேதம் அதன் அடுக்காக ஏறும்: உருக்குக்கு 1.2இன் நாலாம் அடுக்கு, அதாவது இரண்டு மடங்கு சேதம். இறக்கையின் கண்ணாடியிழைக்குப் பத்தாம் அடுக்கு: ஆறு மடங்கு.

என் பக்கமும் ஒன்று உண்டு. முழு உற்பத்திக்குத் தேவையானதைத் தாண்டிய காற்றில் மூன்று தானாகவே இறக்கையைத் திருப்பி, மிச்சக் காற்றை விட்டுவிடும். பின்னால் குழப்பம் குறையும். நடுத்தரக் காற்றில்தான் தொல்லை, மூன்று கையில் கிடைப்பதையெல்லாம் எடுக்கும் நேரத்தில். குறைக்கச் சொன்னால் யார் ஒப்புவார்கள்?

பிறகு நாலின் பிட்ச் பேரிங்கை (இறக்கை தன் அச்சில் திரும்ப உதவும் தாங்கி) திறந்தபோது உருளைகள் நின்ற இடங்களில் வரிசையாகப் பள்ளம். குழம்பிய காற்றில் இறக்கை ஒன்றிரண்டு பாகை மட்டும் அங்குமிங்கும் ஆடினால் கிரீஸ் தொடுமிடத்திலிருந்து பிதுங்கிவிடும், உலோகம் உலோகத்தை உரசும். கிரீஸ் ஏற்றும் குழாய் அடைத்திருந்தாலும் இதே பள்ளம்தான் விழும். நாலில் ஒரு குழாய் அடைத்துத்தான் இருந்தது. அறிக்கையில் காரணம் “கிரீஸ்”. தம்பி படித்தான், எதுவும் சொல்லவில்லை. இப்போது பராமரிப்பின்போது இறக்கைகளை 90 பாகை வரை முழுதாகத் திருப்பி கிரீஸைப் பரப்புகிறோம். மூன்று முழு வேகத்தில்தான் ஓடுகிறது.