பழவேற்காடு: முகத்துவாரத்தை நம்பி ஒரு ஊர்

பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி, பேருந்து பிடித்துப் பழவேற்காடு போய்ச் சேர்ந்தபோது காலை ஏழரை. ஏரிக்கரையில் இறால் ஏலம் முடிகிற நேரம். நான் தேடிப்போனது டச்சுக்காரர்களின் கல்லறைகளை. ஆனால் அன்று முழுக்க மனதில் நின்றது முகத்துவாரம்தான்.

ஏரி என்று சொல்கிறோமே தவிர, இது உப்பங்கழி. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு ஓரமும் கடலுக்குத் திறக்கும் வாயும் நம் பக்கம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீளமாகப் படுத்து, வங்கக் கடலை மறித்து நிற்கிறது. ஆரணி ஆறும் காளங்கியும் சுவர்ணமுகியும் மழைக்காலத்தில் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். மற்ற மாதங்களில் கடல் உள்ளே வரவேண்டும். பெரும்பாலான இடங்களில் ஆழம் இடுப்பளவுதான் என்பதால், வாயில் மணல் சேர்ந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் வற்றி உப்பு ஏறிவிடும். இறால் குஞ்சுகள் கடலிலிருந்து உள்ளே வர வழியும் இருக்காது.

"வாய் தொறந்திருந்தா வீட்டுல அடுப்பு எரியும் தம்பி" என்றார் வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் 'பாடு' என்றொரு முறை இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இறால் இடங்களில் யார், எந்த நாளில் வலை போடலாம் என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். "இன்னைக்கு எங்க பாடு இல்ல, அதான் வலை தைக்கிறேன்" என்றார். சட்டப் புத்தகம் எதுவும் இல்லாமல் ஒரு நீர்நிலையை இத்தனை காலம் பங்கிட்டு வாழ்ந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது. அதே நேரம், பாடு முறையில் பங்கில்லாதவர்களும் இதே ஏரியில்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது. இருளர் பெண்கள் இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் இறங்கி, கையாலேயே துழாவி இறால் பிடிக்கிறார்கள். அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றதிலேயே என் முதுகு வலித்தது.

சரி, டச்சுக்காரர்களுக்கு வருகிறேன். 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை இடம் 1690 வரை இதுதான். பிறகு அதை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். இங்கிருந்து துணி கப்பலேறிப் போய், கிழக்குத் தீவுகளில் மசாலாவாக மாறியது. துணியோடு மனிதர்களும் போனார்கள். பஞ்ச காலங்களில் அடிமைகளாக வாங்கப்பட்டு, ஆயிரக்கணக்கில் பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பப்பட்டவர்கள். கோட்டை இன்று புதர் மூடிய மேடு. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசல் தூண்களில் எலும்புக்கூடுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே கல்வெட்டுகளின் எழுத்து இன்னும் கூர்மையாக இருக்கிறது. வணிகர்களுக்கு இவ்வளவு அழகான கல். கப்பலில் ஏற்றப்பட்டவர்களுக்கு ஒரு பெயர்ப் பலகைகூட இல்லை. இது என்னை உறுத்தியது.

மதியத்துக்கு மேல் பாலத்தைக் கடந்து கடற்கரைப் பக்கம் போனேன். வழியில் ஒரு திண்ணையில் முஸ்லிம் பெண்கள் நான்கைந்து பேர் பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெட்டி வாங்கிக்கொண்டேன். தூரத்தில் பூநாரைகள் வெளிறிய இளஞ்சிவப்புக் கோடாக நின்றன.

திரும்பும்போது அதே பெரியவர் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். பெட்டியை வாங்கி, திருப்பிப் பார்த்து, முடைச்சல் நல்லா இருக்கு என்றார். "வாய்ப் பக்கம் போனீங்களா? தண்ணி எப்படி ஓடுது?" என்று கேட்டார். உள்ளே வேகமாக ஏறுகிறது என்றேன். தலையாட்டிவிட்டு, தைத்து முடித்த வலையைச் சுருட்டத் தொடங்கினார்.