சித்தியின் பொட்டலங்கள்

மொரீஷியஸின் போர்ட் லூயி சந்தையில், டிசான் என்கிற மூலிகைக் கஷாயச் சரக்கு விற்கும் கடையில் "உடம்பு இளைக்க" என்று கேட்டு, சித்தி ஒரு தழைக் கலவை வாங்கி வந்திருக்கிறார். என்னென்ன இலை என்று காகிதத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. இருமலுக்கு அதிமதுரப் பொடி, மலச்சிக்கலுக்கு நிலாவரைச் சூரணம் வேறு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் பாட்டி காலத்துச் சரக்குதான். ஆனால் அதிமதுரத்தை நிறைய, நாள்பட எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நிலாவரையால் பேதியானால் அதிலும் பொட்டாசியம் போகும். சித்தியின் பிரஷர் மாத்திரையோ சிறுநீர் பிரிய வைக்கும் ரகம். அதுவும் பொட்டாசியத்தை இறக்கக்கூடியதுதான்! பொட்டாசியம் ரொம்பக் குறைந்தால் தசை தளரும், இதயத் துடிப்பே தடுமாறும்.

"இலைதானே, ராசா" என்கிறார். சரி, வியாழக்கிழமை டாக்டரின் மேசையில் எல்லாப் பொட்டலத்தையும் மாத்திரை அட்டையோடு வைக்கப்போகிறேன்.